மெல்லத் தட்டிய தமுக்கு

என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. காபித்தூள் கடையில் என் கூட்டாளியாக இருந்தவர் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டபோது, ஓட்டலில் எல்லோர் முன்னாலும் அவரிடமே சொன்னேன்: "நீ ஜெயிக்கறதுக்குள்ள வீட்டை வித்துட்டு கனடாவுல மககிட்டப் போயிடுவேன்." அதை அவர் அப்படியே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார். தீர்ப்புக்கு முன்பே, வீட்டை விற்கக்கூடாதென்று ஜப்தி உத்தரவு வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் கோர்ட் அமீனா. கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். ஒல்லி உடம்பு, எண்ணெய் வழியும் தலை. வாசல் கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து, தெருவுக்குத் தெரியாத உள்கதவில் உத்தரவை ஒட்டினார். பிறகு ஜப்தியை ஊருக்கு அறிவிக்கும் தமுக்கை எடுத்து, குழந்தை தூங்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இரண்டு விரலால் தட்டினார்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"தட்டோணும்னுதானுங்க சட்டம். ஊரை எழுப்போணும்னு இல்லீங்களே. நீங்க இன்னும் தோக்கலீங்க, சார்."

என் வக்கீல்கூட எனக்கு அந்த மரியாதையைத் தந்ததில்லை. நெகிழ்ந்துபோய், எங்கள் சரஸ்வதிபுரத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் அவரைப் புகழ்ந்துகொண்டு திரிந்தேன்.

வீடு திரும்பியதும் மனைவி தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்: "ஏன்ரீ, அந்த மனுஷர் அவ்வளவு மெல்லத் தட்டிட்டுப் போனார். நீங்கதான் வீடு வீடாப் போய் ஓங்கி அடிச்சுட்டு வந்திருக்கீங்க."