கொள்ளிட மணலும் அவர் கையெழுத்தும்

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த புதிதில் துணி துவைக்கக் கொள்ளிடத்துக்குப் போவேன். வெள்ளம் வடிந்த மணலில் தண்ணீர் விட்டுப்போன வரிகளையும், அவற்றின் குறுக்கே நடந்துபோன நாரையின் கால் தடங்களையும் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். அதை வீட்டில் காடாத் துணியில் தைத்துப் பார்த்தேன். ரோஜாப்பூவும் அன்னமும் மட்டுமே போட்டுப் பழகிய கைக்கு அந்த வரிகள் லேசில் வசப்படவில்லை. நாலு தடவை பிரித்தேன். ஐந்தாவது தடவைதான் மணல் மணலாக வந்தது. நாணல் பூவை ஒற்றை இழையால் தைத்தேன். கதவளவு துணி முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கணவருக்குத் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. அதுவரை அந்தத் துணியை அவர் ஏறிட்டும் பார்த்ததில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஊரில் ஒரு கலைக் கண்காட்சி அறிவித்தார்கள். அன்று துணியின் மூலையில் பென்சிலால் தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இது மேல கறுப்பு நூல்ல தச்சிடு."

"தச்சது நான்தானேங்க?"

"உன் பேரைப் போட்டா கைவேலைன்னு ஊறுகாய் பாட்டில் பக்கத்துல வச்சிடுவாங்க. என் பேருன்னா ஆர்ட்."

தைத்தேன். கடைசிச் சுழி கோணலாகிவிட்டதென்று பிரித்து, மறுபடியும் தைத்தேன்.

கண்காட்சியில் கூட்டம் அந்தத் துணியின் முன்னால்தான் நின்றது. சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் ஓவிய ஆசிரியர், "இது எப்படிங்க தோணுச்சு?" என்று கேட்டார். கொள்ளிட மணலில் ஒருநாளும் கால் வைக்காத என் கணவர், "விடியக்காலைல போய் மணிக்கணக்கா உக்காந்திருப்பேன்" என்றார்.

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒத்தாசை பண்ணீங்களாம்மா?"

"நூல் கோத்துக் கொடுத்தேன்" என்றேன்.

முதல் பரிசு கிடைத்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் துணியை வாங்கிக்கொண்டு போனார். மறுமாதமே கணவர் புதுக் காடாத் துணியோடு வந்தார்.

"இந்தத் தடவை காவேரி போடு. சென்னைல காட்டலாம்."

"நீங்கதானே ஆர்ட்டிஸ்ட். நீங்களே போடுங்க."

அறைவார் என்று நினைத்தேன். துணியை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் இறங்கி வருவேன் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். நான் இறங்கவில்லை. அந்தப் பிடிவாதத்தில் எனக்கென்றும் எதையும் தைக்கவில்லை. ஆற்றங்கரைக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

அலுவலகத்தில் அவரை 'ஆர்ட்டிஸ்ட் சார்' என்றே கூப்பிட்டார்களாம். சில வருஷம் கழித்து வீட்டுக்கு வந்த அவருடைய நண்பர்தான் சொன்னார்: "ஏன் சார் அதுக்கப்புறம் ஒண்ணும் செய்யலைன்னு கேட்டா, குடும்பம் எங்க விடுதுங்கறார்."

சொல்லிவிட்டு, குற்றவாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தேன்.