கழுவுகிறவள் செதுக்கிய கல்

கல் முழுக்கக் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் காயவில்லை.

முச்சனேட்டா குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கடைசிக் கழுவல் முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. கல்லில் குனிந்து அமர்ந்த பெண்ணின் நெற்றி, முதுகு, மடித்த முழங்கால் எல்லாம் வெயிலில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. இடது தோளில் மட்டும், கழுத்தடியிலிருந்து கை வரைக்கும், முடியளவு கறுப்பு வரி ஒன்று ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது.

தடவிப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. விரல் அப்படி. இருபது வருஷமாகத் தண்ணீரும் உப்புத்தாளுமாகக் கணவனின் சிற்பங்களைத் தேய்த்ததில் ரேகையே போய்விட்டது. அடையாள அட்டைக்குப் போனபோது அலுவலகத்தில் இருந்தவர் மூன்று முறை மை தடவிப் பார்த்துவிட்டு, "ரேகைய வீட்ல வச்சிட்டு வந்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

குருவே என்ற ஊருக்குப் பக்கத்து அந்த மலையடியில் ஆண்கள் செதுக்குவார்கள், பெண்கள் கழுவுவார்கள். கல்லின் அடியில் ஆணின் பேர் இருக்கும். கணவன் எனோக்கின் கல் எதிலும் அவள் கை படாத இடம் கிடையாது, அவள் பேர் உள்ள இடமும் கிடையாது. போன பிப்ரவரி மழைக்காலத்தில், மகள் ஷமிசோ தங்கிப் படிக்கப் போனபின், அவள் தானே கல் வெட்டும் குழிக்குப் போய் ஒரு கல்லை எடுத்துவந்து உளி பிடித்தாள். எனோக் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு உளியைத் தீட்டிக் கொடுத்தான்.

ஹராரேயில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் டொங்கோ அம்மா இரண்டு மாதம் முன்பு வந்தபோது அதைக் கண்டு, "இது யாரோடது?" என்றார். எனோக் இருமினான், தொப்பியைச் சரி செய்தான், அப்புறம் "அவளோடது" என்றான். முடித்து வை, உன் பேரிலேயே கண்காட்சிக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி இன்று நண்பகலில் வருகிறது. கல்லைச் சுற்றி நெருப்பு மூட்டிச் சுட்டு, சூட்டோடு மெழுகு தேய்க்க வேண்டியதுதான் பாக்கி.

சுட்டால் கோடு வாயைத் திறக்கும்.

எனோக் வந்து குனிந்து பார்த்தான். "எப்ப எடுத்த கல்லு இது?"

"பிப்ரவரியில."

"மழையில தட்டிப் பாத்தியா?"

"தட்டினேன். மணி மாதிரி கேட்டுச்சு."

"வெடிப்புக்குள்ள தண்ணி நின்னா எந்தக் கல்லும் மணி மாதிரிதான் கேக்கும், ஷமிசோம்மா. மழையில்லாத காலத்துல எடுக்கணும். இது சின்னப் புள்ளைக்குத் தெரியும்."

அவளுக்கும் தெரியும். அன்றைக்குக் குழியில் ஆண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு தட்டு தட்டியதும் இதுதான் என்று சொல்லிவிட்டாள்.

கொழுந்தன் பிலேமோன் சத்தம் கேட்டு வந்தான். கையில் பசை டப்பாவோடுதான் வந்தான். "அண்ணி, கல்லுப்பொடியக் கலந்து அப்பிடுங்க. லேசா சுட்டு மெழுகு போட்டா கடவுளுக்கே தெரியாது."

"கடவுளுக்குத் தெரியாது. ரெண்டு வருஷத்துல வாங்கினவனுக்குத் தெரியும். பசை மஞ்சளாப் பல்லக் காட்டும்."

"அண்ணன் கல்லுல எத்தனை தடவ நீங்களே அப்பி இருக்கீங்க?"

எனோக் மலைப் பக்கம் பார்த்தான். அங்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்தப் பருவத்தின் முதல் மழை.

"அப்பினேன். அதுல என் பேரு இல்லயே" என்று சொல்லி முச்சனேட்டா எழுந்தாள். தட்டை உளியை எடுத்து, கோட்டின் மேல் வைத்தாள்.

"என்ன செய்யப் போற?"

"எவ்வளவு ஆழம்னு பாக்கப் போறேன்."

"கழுத்து வரைக்கும் போயிருந்தா தலை கையோட வந்துரும்."

"நெருப்புல வெடிச்சு வர்றதுக்கு இப்பவே வரட்டும். கொஞ்சம் புடிச்சுக்குங்க."

எனோக் "உன் கல்லு" என்றான். அப்புறம் முட்டி போட்டுக் கல்லின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான்.

முதல் அடிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதில் சத்தம் மாறியது, ஓட்டைச் சட்டியைத் தட்டியதுபோல. சுத்தியல் பிடித்த கை வியர்த்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினாள்.

தோள் விழுந்தது. சட்ஸாக் களி கிண்டும் சட்டியின் மூடி அளவுக்கு ஒரு சில்லு, பாதி கையையும் இழுத்துக்கொண்டு மண்ணில் விழுந்தது. உள்பக்கம் துருச் சிவப்பு, இன்னும் ஈரம்.

தலை நின்றது.

எனோக் சுத்தியலை வாங்கிக் கழுத்தில் தட்டினான், முதுகில் தட்டினான். மணி போலக் கேட்டது. "கேக்குது" என்றான். இந்தத் தடவை அதை நம்பலாமா என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டி வந்தது. டொங்கோ அம்மா இறங்கி, கல்லைச் சுற்றி வந்தார். "இதோட தோள் எங்க?"

முச்சனேட்டா மண்ணைக் காட்டினாள்.

"புதுசாத் தோள் செதுக்க எத்தன நாளாகும்?"

"செதுக்க மாட்டேன். முறிஞ்ச இடத்தத் தேய்க்காம அப்படியே விடுறேன். ஒரு மணி நேரம் இருங்கம்மா, சுட்டுத் தர்றேன்."

"மழை வருது. சுட்டுக்கிட்டு இருக்கும்போது தண்ணி பட்டா வெடிச்சிருமே?"

"பட்டா உங்களுக்குத் தூக்கிட்டுப் போற வேலை மிச்சம்" என்றான் பிலேமோன்.

நெருப்பு வைத்தார்கள். ஆண்கள் இருவரும் கூரைத் தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். சூடு ஏற ஏறக் கல் உள்ளே டிக் டிக்கென்றது. எல்லாக் கல்லும் அப்படித்தான் பேசும். ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் முச்சனேட்டாவின் பார்வை கழுத்துக்குப் போய் வந்தது. எச்சில் தொட்டு முதுகில் வைத்தாள், சீறியது. தணலை விலக்கி மெழுகைத் தேய்த்தாள். உருகி ஓடிய இடமெல்லாம் கல் கன்னங்கரேலென்று கண் திறந்தது. முறிந்த தோள் மட்டும் சிவப்பாகவே இருந்தது. கோடு எதுவும் வரவில்லை.

டொங்கோ அம்மா அந்தச் சிவப்பை உற்றுப் பார்த்துவிட்டு, "பேரப் போடு" என்றார்.

சுட்டுப் பிழைத்த கல்லுக்குத்தான் பேர். அதுவரைக்கும் அடியில் இடம் விட்டுவைத்திருந்தாள். சூடு எட்டாத அந்த இடத்தில் கூர் உளியை வைத்தபோது தகரத்தின் மேல் முதல் துளிகள் விழுந்தன. அப்புறம் கொட்டியது.

"என் பேரப் பின்னால சேக்கலயா?" மழைச் சத்தத்துக்கு மேலே எனோக் கேட்டான்.

"உங்க கல்லுல என் பேரு எங்க இருக்கு?"

பிலேமோன் கனைத்தான். தகரத்தின் ஓரத்திலிருந்து தண்ணீர் எனோக்கின் சட்டைக்குள் இறங்கியது. கல் இன்னும் ஆறவில்லை, கையை இறக்க முடியாது.

"கை விட்டுப் போகுது. இன்னும் எத்தன எழுத்து?"

"அஞ்சு" என்றாள், நிமிராமல். "ஆடாமப் புடிங்க."