இரண்டு தடவை திரும்பி வந்த கண்

இரண்டு தடவை கண் ஆபரேஷனுக்குப் போய், இரண்டு தடவையும் அதே கண்ணோடு திரும்பி வந்தேன். காரணம் சீனி வருத்தம். சுகர் இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதல் தடவை காலையில் பார்த்தபோது இருநூற்று எண்பது. இரண்டாம் தடவை இருநூற்று அறுபது.

நான் வெள்ளவத்தையில் சாறி பிளவுஸ் தைக்கிறவள். எங்கள் பிளட் வீட்டின் முன் அறைதான் கடை. வலக் கண்ணில் படலம் மூடி, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாத நிலை. இடக் கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. என் மனுசன் தினமும் காலையில் இருபது ஊசிக்கு நூல் கோத்துக் குத்தி வைப்பார். கொக்கிகளை விரலால் தடவித்தான் தைத்தேன். கண் போனால் தொழில் போகும். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

சாப்பாட்டில் பிழை இல்லை. ஒரு மாதமாகக் குரக்கன் பிட்டும் பாகற்காயும் தின்று நாக்குச் செத்திருந்தது. சுகர் குளிசையும் தவறவில்லை. அப்படியானால் பிழை மனுசன் மேல்தான் என்று முடிவெடுத்தேன். வீட்டில் தேத்தண்ணி போடுகிறவர் அவர்.

"சீனி போட்டனீங்களோ இல்லையோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"சத்தியமாப் போடேல்லையப்பா."

"அப்ப என்ன, கூரையில இருந்தோ விழுந்தது?"

அவர் சீனிப் போத்தலைத் தூக்கிக்கொண்டுபோய் மேல்மாடி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு கிழமை கழித்து, காலையில் வெறும் வயிற்றோடு விரலில் குத்திப் பார்த்தேன். நூற்று ஐம்பத்தெட்டு. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க முன்னமே கதவு மணி அடித்தது. கல்யாணத்துக்காகக் கனடாவிலிருந்து வந்து நிற்கும் ஒரு பிள்ளை. அவள் கேட்டபடியே பிளவுஸின் கையைக் குறைத்து வெட்டி, தைத்து முடித்து வைத்திருந்தேன்.

"அன்ரி, இதை முழங்கை வரைக்கும் நீட்டலாமோ?"

"வெட்டின துணி வளருமோ பிள்ளை?"

"கனடாவில எண்டா செய்து தருவினம்."

"அப்ப அங்கயே தைச்சிருக்கலாமே. என்னத்துக்கு இஞ்ச வந்தனீர்?"

அரை மணித்தியாலம் இரண்டு பேரும் கத்தினோம். அவள் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. மனுசன் சுகர் மீற்றரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இப்ப ஒருக்காக் குத்திப் பாரும்."

"இன்னும் ஒண்டும் வாயில வைக்கேல்லையே."

"அதுக்குத்தான் சொல்லுறன்."

இருநூற்றுப் பதினான்கு.

"இண்டைக்கு நான் தேத்தண்ணியே போடேல்லை" என்றார். வென்ற முகத்தை அவர் மறைக்கவும் இல்லை.

அப்போதுதான் ஆபரேஷன் காலைகள் இரண்டும் நினைவுக்கு வந்தன. என்னிடம் தைக்கத் தருகிற கனடாக்காரருக்கு இரவு சாப்பிடும் நேரம் எங்களுக்கு விடியற்காலை. ஐந்து மணிக்கே அளவு, கழுத்து, கை என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் வரும். இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டோவுக்குள் இருந்து போனில் சண்டை பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

டொக்டரிடம் சொன்னேன். கோபத்திலும் பதற்றத்திலும் உடம்பே சுகரை ஏற்றிவிடும் என்றார். குளிசையையும் கொஞ்சம் மாற்றித் தந்தார். மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். இரண்டு நாள் செய்தேன். கண்ணை மூடினால் அந்தப் பிள்ளையின் பிளவுஸ் கைதான் வந்து நின்றது. விட்டுவிட்டேன்.

நடந்தால் மட்டும் கோபம் அடங்கியது. காலையில் போனை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, கடலோரம் மரைன் டிரைவில் அரை மணித்தியாலம் நடப்பேன். திரும்பி வந்துதான் போனைத் தொடுவேன். துணி வெட்டிய பிறகு மாற்றம் இல்லை என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். ஒருத்தி வாசித்துவிட்டு, "அன்ரிக்கு இப்ப பெரிய எடுப்பு" என்றாள். "ஓம் பிள்ளை" என்றேன். நான்கைந்து பேர் வேறு இடம் போனார்கள். போகட்டும்.

மூன்றாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போன் வீட்டில் அரிசிக்குள் கிடந்தது. தாதி விரலில் குத்திவிட்டு, "நூற்று அறுபத்தெட்டு. கட்டிலுக்குப் போங்கோ" என்றாள். மனுசன் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

தையலுக்கு மறுபடி இருக்கலாம் என்று டொக்டர் சொன்ன அன்று, ஆபரேஷனுக்கு முன்னம் முடித்து மாட்டியிருந்த பிளவுஸ்களை இறக்கிப் பார்த்தேன். ஒரு கொக்கியும் நேராக இல்லை. தலைக்குள் விறுவிறு என்று ஏறியது. யாரைத் திட்டுவது? தைத்தது நான்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனேன். வந்து எல்லாக் கொக்கிகளையும் வெட்டி எடுத்தேன். அன்று காலையும் மனுசன் இருபது ஊசி கோத்து வைத்திருந்தார். இருபதும் முடிந்த பிறகு, இருபத்தோராவது ஊசிக்கு நானே நூல் கோத்தேன்.