தை மாதத்துப் பனியில் ஒரு மாப்பிள்ளைப் படம்

அம்மாவின் அல்பங்களில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதில்லை. யாருடைய தலையும் பாதியில் வெட்டுப்பட்டிருக்காது. நல்ல படங்கள் எல்லாம் அவருக்கு, பழுதாய்ப்போனவை எல்லாம் எனக்கு என்று எங்கள் வீட்டில் சொத்து அப்படித்தான் பிரிந்தது. கடையிலிருந்து படம் கழுவி வந்ததும் அம்மா குசினி மேசையில் பரப்பிவைத்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்குவார். அவர் ஒதுக்கியதை நான் அள்ளிக்கொண்டு போய்ப் பெரிய வரைதல் கொப்பிகளில் ஒட்டுவேன். பக்கத்தில் பஸ் ரிக்கற், சொக்கிலேற் சுற்றிய வெள்ளித்தாள், காய்ந்த இலை என்று கையில் அகப்பட்டதெல்லாம் சேரும்.

இந்தக் கிழமை எங்கள் நகரமான ஆராவில் விடாமல் பனி கொட்டியது. ரயில்கள் நின்றுவிட்டதால் வேலைக்குப் போக வழியில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு நடந்து போனேன். அம்மா அலுமாரியின் மேல்தட்டிலிருந்து என் கொப்பிகளை இறக்கி வைத்திருந்தார். "உன்ர குப்பையளை உன்ர வீட்டுக்குக் கொண்டுபோ. என்னால தூசி தட்டேலாது" என்றார். அப்படிச் சொன்னவர்தான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கொப்பியைத் திறந்தார்.

என் கொப்பிகள் முழுக்கப் பனிப்புயல்தான். அது நான் தேடிச் சேர்த்ததல்ல. புயலில் எடுத்த எந்தப் படமும் எங்கள் வீட்டில் ஒழுங்காக வந்ததில்லை, அதனால் எல்லாம் என் பங்குக்கு வந்து சேர்ந்தன. ஒரு பக்கத்தில் பாதி புதைந்த பஸ், அதாவது பஸ் என்று நான் எழுதி வைத்திருக்கும் ஒரு மஞ்சள் புள்ளி. இன்னொன்றில் அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் நிற்கிறார், புருவமும் மீசையும் வெள்ளை. அன்றைக்கு நான் அவரை யாரோ என்று நினைத்து வீரிட்டு அழுதேனாம். கதைகளில் வரும் பனிப்புயல் ஊளையிடும். என் நினைவில் அதற்குச் சத்தமே இல்லை. மேலே யாரோ அரிதட்டில் மா அரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கீழே வேலிகளும் கார்களும் வீடுகளும் ஒவ்வொன்றாக இல்லாமல் போகின்றன. நான் யன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி, விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாமல் நிற்கிறேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் அம்மா, "இந்தா, வந்திட்டார் மாப்பிள்ளை!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தப் பக்கத்து மாப்பிள்ளை என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அப்போது அவர் எங்களோடு இருந்தார். ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். எனக்கு ஆறோ ஏழோ வயது. மாமாதான் எனக்குச் சப்பாத்துக் கட்டிவிடுவார், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார், போகிற வழியெல்லாம் வாய்க்கு வந்ததைக் கதையாகச் சொல்லுவார். அவருடைய அகதிக் கேஸ் மட்டும் முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அது முடியும்வரை அவர் இந்த நாட்டைவிட்டு வெளியே போகவும் முடியாது, ஊரிலிருந்து யாரையும் கூப்பிடவும் முடியாது. வீட்டில் இதைப் பெரியவர்கள் பலமுறை கதைத்திருப்பார்கள். எனக்கு அது காலநிலை அறிக்கை போல ஒரு காதால் வந்து மறு காதால் போய்விடும். அம்மாவோ, கேஸ் இந்தா முடியுது, அந்தா முடியுது என்று சொல்லிக்கொண்டே மாமாவுக்குப் பெண் தேடத் தொடங்கிவிட்டார்.

ஊரில் ஒரு ரீச்சர் பெண். சாதகக் குறிப்பு நன்றாகப் பொருந்தியது. படமும் வந்தது. ஸ்ரூடியோவில் எடுத்த படம். பின்னால் திரையில் கீறிய ஒரு நீர்வீழ்ச்சி, பக்கத்தில் பிளாஸ்ரிக் ரோசாப்பூ, நடுவில் நீலச் சேலையில் அவ. மாமா அதை முகம் மழிக்கிற கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தார். ஒருநாள் சவர நுரையோடு என்னைக் கூப்பிட்டு, "குஞ்சு, இவ சிரிக்கிறாவோ, இனித்தான் சிரிக்கப்போறாவோ?" என்று கேட்டார். நான் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, தும்மப் போறா என்றேன். மாமா நுரை தெறிக்கச் சிரித்தார். அன்றிலிருந்து அவ எனக்கு மாமி. மாமிக்குக் காலையில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நான் பல் தீட்டுவேன்.

இனி இங்கிருந்து மாப்பிள்ளையின் படம் போகவேண்டும். மற்றவர்கள் இரவல் காரில் சாய்ந்து நின்று படம் அனுப்புவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். "கார் கொழும்பிலயும் நிக்குது. ஸ்னோ நிக்குதோ?" என்று கேட்டார். மாமா கோட் சூட் போட்டு, ரை கட்டி, முழங்கால் அளவு பனியில் நிற்கவேண்டும் என்று முடிவாகிவிட்டது.

அந்த வருடம் பனிக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் எல்லாம் மார்கழியில் வந்து கொட்டியது. மார்கழியில் கலியாண அலுவல் தொடங்குவதா? அம்மா யன்னலடியில் நின்று, ஊரெல்லாம் வெள்ளையாய்க் கிடக்கும் அழகைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வெளியே வெள்ளைக்காரப் பிள்ளைகள் சறுக்கி விளையாட, எங்கள் வீட்டில் மட்டும் பனி வீணாய்ப் போகிறதே என்று துக்கம் கொண்டாடினோம். அப்பா, "கொஞ்சத்தை அள்ளி பிரிட்ஜுக்குள்ள வைப்பமோ?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தை பிறந்தது, மழை பெய்தது, பனி கரைந்து எங்கும் சேறு. அம்மா திரிம்பாக்கில் இருக்கும் எங்கள் ஆட்களின் கோயிலுக்குப் போய் மனமுருகிக் கும்பிட்டார். மற்றவர்கள் அங்கே வேலைக்கும் விசாவுக்கும் வேண்டிக்கொள்ள, என் அம்மா பனிக்கு வேண்டிக்கொண்டார்.

கேட்டது கிடைத்தது, கொஞ்சம் அதிகமாகவே. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே எதிர்வீடு தெரியவில்லை. பஸ் நின்றுவிட்டது. வெளியே போகவேண்டாம் என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அம்மா ரேடியோவை நிறுத்திவிட்டுச் சூட்டை அழுத்தத் தொடங்கினார். கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் படத்தைக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. ஞாயிறு பின்னேரம் ராகுகாலம் வேறு. புயல் ஓயட்டும் என்று காத்திருந்தால் ராகு வந்துவிடுவார்.

சூட் அப்பாவுடையது, மாமாவுக்குத் தொளதொளவென்று இருந்தது. அம்மா முதுகுப் பக்கம் சட்டை ஊசிகளால் இழுத்துக் குத்தி, உள்ளே இரண்டு சுவெட்டர் போடவைத்தார். "கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கிறாய்" என்று அவருக்குத் திருப்தி. மேலே குளிர்க்கோட் போடக்கூடாது, போட்டால் ரை தெரியாது. கீழே குசினி வேலைக்குப் போடும் சப்பாத்துத்தான். அதைப் பனி மறைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குப் பின்னால் கிளைகள் தாழ்ந்த ஒரு பெரிய பைன் மரம் நின்றது. அதன் கீழே மாமா. இந்தப் பக்கம் கமராவோடு அப்பா, அப்பாவுக்குக் குடை பிடித்தபடி அம்மா. காற்று குடையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. என்னை யாரும் கவனிக்கவில்லை. மரத்தடிக்குப் போகும்போது மாமா என் காதுக்குள், "நான் மூக்கைச் சொறிஞ்சா நீ பின்னால நிண்டு கொப்பை இழு. ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். இதைவிட நல்ல விளையாட்டை எனக்கு அதுவரை யாரும் தந்ததில்லை.

"தம்பி, சிரியடா" என்றார் அம்மா. மாமா மூக்கைச் சொறிந்தார். நான் இழுத்தேன். ஒரு மூட்டைப் பனி அவர் தலையில் இறங்கியது. அம்மா ஐயோ என்று கத்தி, ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, காற்றைத் திட்டிவிட்டு வந்தார். அப்பா மறுபடி கமராவைக் கண்ணில் வைத்தார். மறுபடி மூக்கு, மறுபடி பனி. சிரிப்பை அடக்க நான் கையுறையைக் கடித்துக்கொண்டேன். சுற்றிலும் எதுவும் தெரியவில்லை. உலகத்தில் நாங்கள் நாலு பேரும் அந்த மரமும்தான் மிச்சம். மாமா வெள்ளை மனிதனாக நின்று, பற்கள் மட்டும் தெரிய அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். நான் அன்றைக்குப்போலச் சந்தோஷமாக இருந்த நாட்கள் மிகக் குறைவு.

மூன்றாவது தடவை அம்மா அவரை மரத்தடியிலிருந்து இழுத்துவந்து வெளியில் நிறுத்தினார். மாமா சரியான நேரம் பார்த்துத் தும்மினார். பிலிமில் கடைசிப் படம் ஒன்றுதான் மிச்சம். மாமா அப்பாவைப் பார்த்தார். "அத்தான்..." என்றார். அப்பா கமராவைக் கண்ணில் வைத்துக் கனநேரம் நின்றுவிட்டுப் பொத்தானை அமத்தினார்.

படங்கள் கழுவி வந்தபோது ஒன்று முழு வெள்ளை. ஒன்றில் வெள்ளைக்கு நடுவே பற்களும் ரையும். ஒன்றில் ஒரு திறந்த வாய். கடைசிப் படம் முழுக் கறுப்பு. அப்பாவின் பெருவிரல். ஆயிரம் படம் எடுத்த மனிதருக்கு அன்றைக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது அந்த விரல் என்று அம்மா இன்றைக்கும் கேட்பார். "கரடியை அனுப்பினாலும் முகம் தெரியும்" என்று அழாக்குறையாகச் சொல்லிவிட்டு நாலையும் என் பக்கம் தள்ளினார்.

இன்னொரு தடவை எடுக்கலாமே என்று நான் கேட்டதாக ஞாபகம். ஏன் எடுக்கவில்லை என்பதை இந்தக் கிழமைதான் அம்மா சொன்னார். கொப்பியில் கையை வைத்தபடி, சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்துபோன முகத்தோடு.

"படம் எடுத்த அண்டைக்கு நீ சுடுதண்ணியில குளிச்சுக்கொண்டு நிண்டனி. நான் குசினியில தம்பியைக் கிழி கிழியெண்டு கிழிச்சன். உனக்கென்ன விசரோ, மரத்துக்குப் பின்னால பிள்ளையின்ர சிவப்புத் தொப்பி எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ எண்டு கேட்டன். அவன் சூட்டில குத்தின ஊசியளை ஒவ்வொண்டாக் கழட்டி மேசையில வைச்சான். வைச்சுப்போட்டு, அக்கா, படம் போனா அவ ஓம் எண்டு சொல்லிப்போடுவா. பிறகு எனக்கு எப்ப கேஸ் முடியுமெண்டு பாத்துக்கொண்டு இருப்பா. பத்து வருசம் போனாலும் இருப்பா. அந்தப் பிள்ளையை மறிச்சு வைக்காதேங்கோ எண்டான். நான் ஊசியளை அள்ளி டப்பாவுக்குள்ள போட்டன்."

"வேண்டாமெண்டு நேர சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"வேண்டாமெண்டு சொன்னா ஊரில அவவிலதான் ஏதோ குறையெண்டு கதைப்பினம். படம் சரியா வரேல்லை எண்டா ஒருத்தருக்கும் ஒரு கதையும் இல்லைத்தானே."

மாமா எவ்வளவு கெட்டிக்காரர் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேஸ் முடிய அவர் பயந்ததைவிடவும் நாளெடுத்தது. இப்போது ரெனான் என்ற ஊரில் இருக்கிறார், தனியாக. கலியாணப் பேச்சு எடுத்தால், "இருந்த தலைமயிரும் போட்டுது அக்கா, இனி ஸ்னோ கொட்டினாலும் நிக்காது" என்று சிரிப்பார். அந்த ரீச்சர் அடுத்த வருடமே லண்டனுக்குக் கலியாணமாகிப் போனா என்று கேள்வி.

ஒரு பேச்சு நின்றுபோனால் பெண்ணின் படத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒரு கன்னிப்பெண்ணின் படம் அந்நிய வீட்டில் கிடக்கக்கூடாது. பனி கரைந்து ரோட்டோரம் முதல் பூக்கள் தலைகாட்டிய ஒரு நாள், மாமா என்னையும் கூட்டிக்கொண்டு தபாற்பெட்டிக்கு நடந்தார். கடித உறையைப் பெட்டிக்குள் போடுவது எப்போதும் என் வேலை. மாமா இடுப்பில் பிடித்து என்னைத் தூக்கினார், நான் பெட்டியின் வாயில் வைத்துத் தள்ளினேன். உள்ளே விழுகிற சத்தம் கேட்டது.

"மாமி கோவிச்சிருப்பாவோ?" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து மாமா கேட்டார்.

எனக்கு மறுமொழி உடனே வந்தது. "அவவுக்கு உங்களைத் தெரியாதே மாமா. பிறகேன் கோவிக்கிறா?"

"ஓம் குஞ்சு" என்றார் மாமா. "அதுதான் நல்லது."

சொல்லிவிட்டும் அவர் என்னை இறக்கிவிடவில்லை. என் கால்கள் காற்றில் தொங்கின, சட்டை மேலே ஏறி வயிற்றில் குளிர் பட்டது. இறக்கிவிடுங்கோ என்று நான் உதறினேன். பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லிவிட்ட பெருமை எனக்கு. ஒருநாளும் நேரில் கண்டிராத ஒருத்தியையும் மனிதர் விட்டுப் பிரிய முடியும், அதற்கும் நெஞ்சு நோகும் என்று எனக்கு அப்போது தெரியாது.