வார்டு வாசலில் நின்றவள்

எழுபதுகளின் கடைசியில் ஏற்காடு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அந்தச் சித்திரையில் தட்டம்மை பரவி, கட்டிலுக்கு இரண்டு குழந்தைகளாகப் படுத்திருந்தார்கள். கிளியூர் எஸ்டேட் தொழிலாளி ஒருத்தி, சுடுதண்ணீரில் கால் வெந்த மகளைத் தூக்கி வந்தாள். வேறு இடமில்லாமல், அம்மை கண்ட குழந்தையின் பக்கத்திலேயே சிறுமியைப் படுக்க வைத்தேன்.

“ஏனுங்க சிஸ்டர், அம்மைன்னா ஊட்டு வாசல்ல வேப்பிலை சொருகி யாரையும் உள்ள உடமாட்டோமுங்களே?”

“மூடநம்பிக்கையை இங்கே கொண்டு வராதே” என்று அதட்டினேன்.

வீட்டுக்குப் போனவள் இரண்டு வாரத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்தாள். மகளுக்கு உடம்பெல்லாம் அம்மை, மூச்சு இரைத்தது. மழையில் நனைந்தபடி வாசலிலேயே நின்றாள்.

“உள்ளே வாம்மா.”

“வேண்டாமுங்க. உள்ள மத்த புள்ளைங்க இருக்குதுங்களே.”

மூன்றாம் நாள் சிறுமி இறந்துவிட்டாள்.

அன்று கட்டில் இல்லாதது உண்மை. அதட்டியதற்குத்தான் இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.