சனிக்கிழமைக் குளியல்

முதல் அறிகுறி மறதி இல்லை, வாடை. குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்காத என் மனைவி சரோஜா, நாள் கணக்காக ஒரே புடவையில் இருந்தாள். கேட்டால், "இப்பதானே குளிச்சேன்" என்றாள். பாத்ரூம் தரை காய்ந்து கிடந்தது.

டாக்டர் டிமென்ஷியா (மூளையின் செல்கள் மெல்லச் சிதைந்து நினைவும் நடத்தையும் மாறும் நோய்) என்றார். குணமாகாது, பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பார்த்துக்கொள்வதுதானே, அது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். மடத்தனம்.

அவளைக் குளிப்பாட்ட முடியவில்லை. புடவைத் தலைப்பைத் தொட்டாலே இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"வெளிய போங்க. எங்க வீட்டுக்காரர் டிப்போலேர்ந்து வர்ற நேரம்."

அந்த வீட்டுக்காரர் நான்தான் என்று சொன்னால் இன்னும் பயந்தாள். அந்த ஆள்மேல் எனக்குப் பொறாமையே வந்தது. என்னமாய்க் காத்திருக்கிறாள் அவனுக்காக!

ஹடப்சரில் இருக்கும் மகள் கல்பனா ஒரு பாயியை (வீட்டு வேலைக்கு வரும் பெண்) அனுப்பிப் பார்த்தாள். சரோஜாவுக்கு, இந்த ஊருக்கு வந்து கற்ற மராத்தி மறந்துவிட்டிருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்தும் அழுதாள்.

மார்புக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் இன்டர்ட்ரைகோ (தோல் மடிப்பில் ஈரமும் அழுக்கும் தங்கி வரும் புண்) வந்தது. சுத்தமாக வைக்க முடியாவிட்டால் அட்மிட் செய்யத்தான் வேண்டும் என்றார் டாக்டர். அங்கே நாலு பேர் பிடித்துக்கொண்டு துடைப்பார்கள்.

"வற்புறுத்தாதீங்கப்பா, பாவம், அம்மா பயப்படறா" என்றாள் கல்பனா, போனில்.

"அவ பயப்படறது எனக்குத் தெரியாதா? புண்ணு பயப்படுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். உச்சந்தலையில் சூடு பறக்கத் தேய்ப்பவள் அவள்தான். அந்தக் கைக்கு நான் ஏங்கிப்போயிருந்தேன், யாரிடம் சொல்வது? நல்லெண்ணெயை நானே காய்ச்சி, துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்ரூம் ஸ்டூலில் உட்கார்ந்து எட்டாத முதுகோடு மல்லுக்கட்டினேன்.

கதவருகில் சரோஜா வந்து நின்றாள்.

"யாரு பெத்த புள்ளையோ. இப்படியா எண்ணெய் வைப்பாங்க? வழியுது பாருங்க."

கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அதே அழுத்தம். காதுக்குப் பின்னால் அதே கட்டைவிரல். சீயக்காய் தேய்த்து அவளே தண்ணீர் ஊற்றினாள். அவள் புடவையும் தொப்பலாக நனைந்தது.

"அடடா, நானும் நனைஞ்சுட்டேன்."

"நான் ரெண்டு சொம்பு ஊத்தட்டுமா?"

தோளைக் காட்டினாள். மெதுவாக ஊற்றினேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் யார் என்று நிரூபிக்கப் போகாதீர்கள். நான் விட்டுவிட்டேன். இப்போது தினமும் முதலில் அவள் எனக்கு ஊற்றுகிறாள், பிறகு நான் அவளுக்கு. பாவாடையை மாரில் ஏற்றிக் கட்டிக்கொள்கிறாள். சோப்புத் துணியை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். எட்டாத இடத்துக்கு மட்டும், கேட்டுவிட்டு, நான். மடிப்புகளைத் தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய் வழுக்கும் என்பதால் தரையில் ரப்பர் பாய் உண்டு.

புண் ஆறிவிட்டது. அட்மிட் பேச்சே இல்லை. தினமும் எண்ணெயா, சளி பிடிக்கப்போகிறது என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். ஒரு சொட்டாகக் குறைத்திருக்கிறேன். இந்த வழுக்கைக்கு அது போதும். என்ன கிழமை என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல வருவதில்லை. எங்கள் வீட்டில் எல்லா நாளும் சனிக்கிழமைதான்.

நேற்று தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க வீட்டுல எண்ணெய் தேச்சுவிட ஆள் இல்லையா?"

"இருக்கா. சனிக்கிழமைன்னா அவதான் தேச்சுவிடுவா."

"இன்னைக்கு எங்க?"

"இன்னும் வரலை."

"வந்துடுவாங்க" என்றாள். "கண்ணை மூடிக்குங்க, சீயக்காய் விழும்."

மூடிக்கொண்டேன். காதுக்குப் பின்னால் அந்தக் கட்டைவிரல் வந்தது.