பாரூக்கிடம் சொல்லக்கூடாதது

கண்ணை மூடிக்கொண்டு பாத்திமுத்து மங்குஸ்தான் உடைக்கிறாள். கையில் பழம் இல்லை. ஐந்தருவிச் சாலையில் தன் பழக்கடைக்குப் பின்புறம், அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்த படுக்கையில் மல்லாந்து கிடக்கிறாள். உள்ளங்கைகள் இரண்டும் நெஞ்சுக்கு மேலே எதையோ வைத்து அழுத்துகின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அருவியில் குளிக்க வந்த கூட்டம் கொஞ்சம் ஓயும். அதுதான் அவளுக்குத் தூக்க நேரம். தூக்கத்துக்கு முன்னால் இந்தப் பழம்.

பக்கத்துக் கடையில் நேந்திரம் சிப்ஸ் போடும் இசக்கிசெல்வி எட்டிப் பார்ப்பாள். “எக்கா, பகலெல்லாம் விக்குதது பத்தாதுன்னு சொப்பனத்துலயும் கடை போடுதியளாக்கும்?”

“ஏட்டி, நீ எண்ணெயப் பாரு, காயுது.” கண் திறக்காமலே பதில் வரும்.

பாத்திமுத்துவுக்குக் கட்டைக் குரல். சீசன் முடியும்வரை விரல் நுனிகளில் ஊதாக் கறை போகாது. பேரம் பேசுகிறவர்களிடம் பந்தயம் கட்டுவது அவள் வழக்கம். பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் சின்னப் பூப்போல இருக்கும் வடுவைக் காட்டுவாள். “இதுல எத்தன இதழோ, உள்ள அத்தன சுளை. தப்புனா பழம் சும்மா.” ஒருநாளும் தப்பியதில்லை.

கணவர் பாரூக் இறந்து ஒரு வருஷமாகிறது. செங்கோட்டையிலிருந்து பழ லோடு ஏற்றிவரும் வண்டி அவருடையது. விடியுமுன்னே, தூங்குகிறவளை எழுப்பாமல் போனவர், லோடு ஏற்றும் இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அடிக்கடி கனவில் வந்தார். அதுதான் கொடுமை.

“கனவுல அவுக வந்தா மவுத்தான நெனப்பே எனக்கு வரமாட்டக்கு. டீயப் போட்டுக் குடுத்துட்டு எம்பாட்டுக்கு வேலையப் பாக்கேன். முழிச்ச பொறவுதான், அட பாவி, வந்த மனுசங்கிட்ட ஒரு வார்த்த பேசலியேன்னு அடிச்சுக்கிடுதேன்.”

கல்லூரியில் படிக்கும் மகள் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். தூங்குமுன் ஒரு காட்சியை மனத்துக்குள் ஓட்ட வேண்டும். பழகப் பழக அது கனவிலும் வரும். வந்ததும் அதைச் சோதித்துப் பார்த்தால், இது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிடும். வீடியோக்காரன் கைவிரலை எண்ணச் சொன்னான். பாத்திமுத்து தனக்குத் தெரிந்த கணக்கை எடுத்துக்கொண்டாள். நிஜத்தில் தப்பாத சுளை கனவில் தப்பத்தானே வேண்டும்?

ஆனி போய் ஆடி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தப்பியது.

கனவில் சாரல் அடிக்கிறது. பாரூக் கடைக்குள் வந்து முக்காலியில் உட்காருகிறார். அவள் கை தன்னால் ஒரு பழத்தைத் திருப்புகிறது. இதழ் ஆறு. உடைத்தால் சுளை பதினொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று முளைக்கிறது.

“சந்தோசம்னா அப்படியொரு சந்தோசம்,” என்று பிற்பாடு சொன்னாள். “ஏங்க, இது கனவுங்க, கண்டுபிடிச்சிட்டேன்னு கத்திட்டேன்.”

பாரூக் சிரித்தார். சிரித்தபடியே அவள் கழுத்தைப் பார்த்தார். “கருகமணிய எங்க கழத்தி வச்ச?”

நிக்காஹ் அன்று கட்டியது. அவரை அடக்கம் செய்த அன்று கழற்றியது. இத்தனை நாள் ஆசைப்பட்டுத் தேடிய தெளிவு அந்த நிமிஷம் முழுசாக இருந்ததால் அவளுக்குப் பொய் வரவில்லை. “நீங்க மவுத்தாயி ஒரு வருசமாச்சுல்லா, அதான்.”

அவருக்குத் தெரியாது.

எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தடவினார். “யாரு, நானா? நாளைக்கு லோடு இருக்கேட்டி.” முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. செங்கோட்டையில் கடைசியாக அவர் எப்படி இருந்தார் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அந்த முகத்தை அன்று பார்த்தாள். அவள் சொல்லித்தான் அது வந்தது.

அலறல் கேட்டு இசக்கிசெல்வி அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள். பாத்திமுத்து வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அவுகளுக்குத் தெரியாதுட்டி. நல்லாத்தானே வந்து போயிட்டிருந்தாக. நாம்லா சொல்லிக் கெடுத்துட்டேன்.”

“எக்கா, அது கனவுக்கா.”

“கனவுன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியுமா?”

இசக்கிசெல்வி அட்டையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டியில் சிப்ஸ் கருகும் வாடை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு பாரூக் வரவில்லை. பாத்திமுத்து பந்தயம் கட்டுவதை விட்டுவிட்டாள். கேட்ட விலைக்கே கொடுத்தாள். சுளை எண்ணுவதும் நின்றது. கனவென்று இனித் தெரியவே வேண்டாம் என்கிறாள். இப்போது படுக்குமுன் வேறு காட்சியை ஓட்டுகிறாள். டீ கொதிக்கிறது, அவர் முக்காலியில் இருக்கிறார், நாளைய லோடு பற்றிப் பேசுகிறார், அவள் சரி சரி என்கிறாள். அவ்வளவுதான். ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் பயம். “மறுபடி வந்தா மொதல்ல என் கழுத்தத்தான் பாப்பாக.”

நேற்று மதியம் சுருக்குப்பையிலிருந்து கருகமணியை எடுத்தாள்.

“எக்கா!” இசக்கிசெல்வி கரண்டியோடு நின்றுவிட்டாள். “ஒங்க ஆளுக யாராவது பாத்தா என்ன சொல்லுவாக?”

பாத்திமுத்து பின்கழுத்தில் கொக்கியை மாட்டினாள். முக்காட்டை ஒதுக்கி, மணிகள் நன்றாக வெளியே தெரியும்படி இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தாள்.